கனடாச் சோதினைக்கு அமெரிக்கா படிப்பித்தேன்

யாழ்ப்பாணத்தில் ரியூசன் படித்து வளர்ந்த எவனுக்கும் மெல்லிய புத்தகத்தில் நம்பிக்கை வராது. எனக்கு இன்றைக்கும் வருவதில்லை. புத்தகம் என்றால் தூக்கினால் கை உளைய வேண்டும், தவறி விழுந்தால் கால்விரல் வீங்க வேண்டும். இந்தக் கொள்கையால் நான் எதை இழந்தேன் என்று கேட்டால், ஒரு கல்யாணத்தை இழந்தேன். (என்னுடையதை அல்ல. அது அதற்குப் பத்து வருசம் முந்தியே நடந்துவிட்டது. அது இன்னும் நிலைத்திருப்பதற்குக் காரணம் நான் இல்லை.)

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருசங்கள். மொன்றியலில், லாசாலில், மூன்றாம் மாடியில் இருந்தோம். நான் வாளி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வாளிகளுக்குக் கைபிடி மாட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்தவன். அதனால் ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் “என்ன அன்ரன் மாஸ்ரர், சுகமோ?” என்று கேட்பார்கள். கிழமையில் ஐந்து நாள் வாளியோடு மல்லுக்கட்டுகிற ஒருவனை இப்படிக் கூப்பிட்டால் அவனுக்குத் தலை கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். என்னுடையது வாசலுக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது.

என் மனைவி ஜெசி, கார்டெரி என்று இங்கே சொல்லும் குழந்தைகள் காப்பகம் ஒன்றின் குசினியில் வேலை செய்தாள். அவளுக்கு ஒரே ஒரு தங்கச்சி, வினித்தா, லண்டனில் இருந்தாள். தாய் தகப்பன் இருவரும் நேரத்தோடே போய்விட்டபடியால் வினித்தாவைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது ஜெசிதான். லண்டனுக்குப் போய் அவளைப் பார்க்க ஜெசி இரண்டு தரம் விசாவுக்கு எழுதினாள், இரண்டு தரமும் இல்லை என்று வந்தது. கடைசியாகத் தங்கச்சியைக் கண்டு ஒன்பது வருசம் ஆகியிருந்தது.

ஒரு நாள் வினித்தா ரெலிபோன் எடுத்தாள். கல்யாணம் சரிவந்துவிட்டது, செப்டெம்பரில், லண்டனில். ஜெசி அழுது முடிந்த பிறகு ரிசீவர் என் கைக்கு வந்தது.

“அத்தான், அப்பா இல்லை. கோயில் வாசலில இருந்து பீடம் வரைக்கும் நீங்கள்தான் என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகவேணும்.”

“ஓம் பிள்ளை, நான் வாறன்” என்றேன். அடுத்த சனிக்கிழமையே போய்க் கடும் நீலத்தில் ஒரு கோட்டுச் சூட்டு வாங்கி, பொலித்தீனோடு அலுமாரியில் தொங்கவிட்டேன். விசா கிடைக்காதவன் முதலில் சூட்டு வாங்குவது எந்த வகை அறிவு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு வழி இருந்தது. நாங்கள் கனடாக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். அது கிடைத்தால் கனடாப் பாஸ்போட், அந்தப் பாஸ்போட் இருந்தால் லண்டனுக்கு விசாவே தேவையில்லை. இடையில் இருந்தது ஒரு சோதினை மட்டும்தான். இருபது கேள்வி. நாலு விடையில் ஒன்றுக்குக் குறி போட வேண்டும்.

சோதினைக்குப் படிக்கும்படி அரசாங்கம் ஒரு புத்தகம் அனுப்பியிருந்தது. கடித உறைக்குள் மடங்காமல் வந்திருந்த அந்தச் சாமானைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னப்பிள்ளைகளுக்குக் கொடுப்பது போலப் படங்கள், பெரிய எழுத்து, ஆறுகள், மாகாணங்கள், கடைசியில் மாதிரிக் கேள்விகள் வேறு.

“இது சும்மா அறிமுகம்” என்று ஜெசிக்கு விளக்கினேன். “சோதினை வெளியில இருந்துதான் வரும்.”

“இதைப் படிச்சிட்டு வா எண்டுதானே அனுப்பியிருக்கிறாங்கள்?”

“எந்த அரசாங்கமாவது கேக்கப்போற கேள்வியைத் தானே அச்சடிச்சு வீட்டுக்கு அனுப்புமோ? உமக்குச் சோதினையைப் பற்றி என்ன தெரியும், சும்மா இரும்.”

அவள் சும்மா இருந்தாள். என் வாழ்க்கையில் அவள் சும்மா இருந்த எல்லாத் தடவைகளையும் நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டவன். அதன் பலனைப் பின்னால் அனுபவித்தேன்.

நான் நூல்நிலையத்துக்குப் போனேன். இது மொன்றியல். கனடா வரலாறு பற்றித் தடிப்பான புத்தகம் எல்லாம் பிரெஞ்சில் இருந்தது. என் பிரெஞ்சு பொன்ஜூரில் தொடங்கி மெர்சியில் முடிந்துவிடும், நடுவில் ஒன்றும் கிடையாது. ஆங்கில அடுக்கில் தேடினபோது கடைசித் தட்டில் ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. வட அமெரிக்கக் குடியேற்றங்களின் முழு வரலாறு. இரண்டு கையாலும் தூக்கினேன். தூக்கின உடனேயே தெரிந்துவிட்டது, சோதினை இதற்குள்தான் இருக்கிறது என்று.

அதில் முக்கால்வாசி அமெரிக்கா. அது எனக்குத் தெரியும், நான் அந்த அளவுக்கு மோடன் இல்லை. (அதைவிடப் பெரிய மோடன்.) என் வாதம் இதுதான்: கனடாவை விளங்க வேண்டும் என்றால் பக்கத்து நாடு ஏன் ராசாவோடு கோபித்துக்கொண்டு போனது, கனடா ஏன் போகவில்லை என்று விளங்க வேண்டும். அதை விளங்க அந்தப் பதின்மூன்று குடியேற்றங்களும் எப்படி வந்தன என்று விளங்க வேண்டும். அதை விளங்க முதல் கப்பலில் இருந்து தொடங்க வேண்டும். வேரில் இருந்து வராத படிப்பு படிப்பே இல்லை என்று ஊரில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பாசானார்கள் என்பதை இந்த இடத்தில் விட்டுவிடுவோம்.

நான் மட்டும் படித்திருந்தால் பாவம் என்னோடு போயிருக்கும். கோயிலில் செய்தி பரவி, மாஸ்ரர் சோதினைக்கு வகுப்பு வைக்கிறார் என்று எட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எங்கள் வீட்டு வரவேற்பறையில். நான் எழுதுகிறதற்கு ஒரு வெள்ளைப் பலகை வாங்கி ரீவியை மறைத்து வைத்தேன். முன்வரிசையில் சவிரி அண்ணை. மன்னார்க்காரர், துறைமுகப் பக்கம் ஒரு சாமான் கிட்டங்கியில் பெட்டி ஏற்றி இறக்கிற வேலை, சோபாவில் இருந்தால் மற்ற இருவர் தானாக மேலே எழும்பிவிடுவார்கள், அப்படி ஒரு உடம்பு. அவருக்குப் பக்கத்தில் பத்மா அக்கா, செயின்ட்-மிஷேலில் இருந்து பஸ், மெட்ரோ, திரும்பப் பஸ் என்று மாறி மாறி வருவார். கோயிலுக்கு வராத சைவக்காரி, ஆனால் வகுப்புக்கு ஒரு நாளும் பிந்தியதில்லை.

முதல் ஞாயிறு வேர்ஜீனியாவில் இறங்கினோம். இரண்டாம் ஞாயிறு, சாமி கும்பிடுகிற முறையில் ராசாவோடு ஒத்துப்போகாமல் ஒரு கூட்டம் கப்பல் ஏறி மசச்சூசெட்சுக்கு வந்ததைப் படிப்பித்தேன். பலகையில் கப்பலே கீறினேன்.

சவிரி அண்ணை கை உயர்த்தினார். “மாஸ்ரர், வந்து இறங்கினவங்கட கேசை ஆர் எடுத்தது?”

“என்ன கேஸ்?”

“அகதிக் கேஸ்தான். கும்பிட விடேல்லை எண்டுதானே ஓடி வந்தவங்கள்? அது நல்ல கேசெல்லோ. லோயர் கெட்டிக்காரன் எண்டால் மூண்டு மாசத்தில எடுபடும்.”

“அண்ணை, அங்க கேஸ் எடுக்க ஒருத்தரும் இல்லை. ஏற்கெனவே இருந்த சனத்திட்ட இவங்கள் கேக்கவும் இல்லை.”

“கேக்காமலே இருந்திட்டாங்களோ?” என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “நான் ஏழு வருசம் இருந்தனான், ஒரு கடுதாசிக்கு.”

இது நல்ல கேள்வி. இன்றைக்கு யோசித்தால் அந்தத் தடிப்புத் தலையணைப் புத்தகத்தில் இருந்த எதையும்விட நல்ல கேள்வி. நான் “விசயத்துக்கு வருவம்” என்று சொல்லிப் பலகையை அழித்துவிட்டு அடுத்த குடியேற்றத்துக்குப் போனேன்.

நான்காம் ஞாயிறு வரி. இங்கிலாந்து ராசா குடியேற்றக்காரரிடம் வரி கேட்டான், ஆனால் பாராளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் ஆசனமும் இல்லை, கோபத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் என்று கைகளை ஆட்டிச் சொன்னேன். பத்மா அக்கா கொப்பியில் இருந்து தலை நிமிர்ந்து மெதுவாகச் சொன்னார்:

“எங்களுக்கும் அப்படித்தானே மாஸ்ரர். ஒவ்வொரு சம்பளத்திலயும் வரி வெட்டுறாங்கள். வோட்டுப் போடத்தான் ஏலாது. அதுக்குத்தானே இந்தக் குடியுரிமை.”

எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை, ஏனென்றால் அது என் குறிப்பில் இல்லை. குறிப்பில் இல்லாததைப் படிப்பித்தால் வகுப்பு குழம்பிவிடும்.

ஒவ்வொரு வகுப்பிலும் நடுவில் தேத்தண்ணி இடைவேளை. எல்லாரும் குசினிக்குள் போவார்கள். பத்து நிமிசம் என்று தொடங்கியது, பிறகு இருபதாகி, ஐந்தாம் கிழமை முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது. நான் போகமாட்டேன். என் கோப்பையை ஜெசி வரவேற்பறைக்கே கொண்டுவந்து தந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவாள். உள்ளே ஆளுக்கு ஆள் கதைக்கிற சத்தம் கேட்கும், சில நேரம் எல்லாரும் ஒரே குரலில் என்னவோ சொல்வதும் கேட்கும். பிள்ளைகள் தாங்களாகவே மீட்டுப் படிக்கிறார்கள், எவ்வளவு ஆர்வம் என்று நினைத்துப் பெருமையோடு தேத்தண்ணி குடித்தேன்.

எங்கள் மகள் அப்போது நாலாம் வகுப்பு. பலகையைப் பார்த்துவிட்டு ஒரு நாள் பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். ஜெசி மொழிபெயர்த்தாள்: “உது வேற நாடாம்.” இங்கே பள்ளிக்கூடங்களில் வேரில் இருந்து படிப்பிப்பதில்லை என்று நான் வருத்தப்பட்டேன்.

ஆறாம் ஞாயிறு அமெரிக்க அரசியலமைப்பை எழுதி முடித்தோம். சனாதிபதி, காங்கிரஸ், உயர் நீதிமன்றம், மூன்று பெட்டி, நடுவில் அம்புக்குறிகள். ராசா பக்கம் நின்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே கனடாவுக்கு வருவது ஏழாம் ஞாயிறு. அதில் இருந்து கனடா தொடங்கும். அந்த வியாழக்கிழமையே எங்களுக்குச் சோதினை வந்துவிட்டது.

எனக்கும் ஜெசிக்கும் சவிரி அண்ணைக்கும் பத்மா அக்காவுக்கும் ஒரே நாள், மொன்றியல் நகரத்து நடுவில், அரசாங்கக் கட்டடம் ஒன்றில். வாசலில் நின்று மூவருக்கும் கடைசி அறிவுரை சொன்னேன். “பார்த்த உடன சரி எண்டு தெரியிற விடையைத் தொடாதேங்கோ. அது விழுத்திறதுக்கு வச்சது.” மூவரும் “ஓம் மாஸ்ரர்” என்றார்கள். ஜெசியும் ‘மாஸ்ரர்’ என்றாள். அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தாளைத் திருப்பினேன். கனடாவின் தலைநகரம் எது? ஒட்டாவா என்று இருந்தது. என் மகளுக்குத் தெரியும், ஜெசியின் கார்டெரியில் மூக்கு வழிகிற பிள்ளைக்குத் தெரியும். ஒரு அரசாங்கம் ஒருவனை வேலைக்கு லீவு போடவைத்து, அடையாள அட்டை பார்த்து, கதவைப் பூட்டிவிட்டு, இதைக் கேட்குமா? கேட்காது. கியூபெக் நகரம்தான் பழையது, அதற்குப் புள்ளடி போட்டேன். கனடா எந்த ஆண்டு நாடானது? நாலு ஆண்டுகளுக்குள் ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறும் இருந்தது. அமெரிக்கா ராசாவை உதறிவிட்டுப் போன அந்த ஆண்டை ஆறு கிழமை பலகையில் எழுதி எழுதி என் விரலுக்கே அது பாடம். தலை யோசிப்பதற்குள் கை போய்விட்டது. தேர்தலில் யார் வாக்களிக்கலாம்? பதினெட்டு வயது வந்த குடிமக்கள் என்று முதல் விடை. சொந்தமாகக் காணி உள்ளவர்கள் என்று மூன்றாவது. குடியேற்றங்களில் காணி உள்ள ஆண்கள்தான் வாக்களித்தார்கள், அதை நானே அரை மணித்தியாலம் படிப்பித்தேன். பத்மா அக்கா சொன்ன அந்த ஒரு வசனம் காதுக்குள் கேட்டது. கேட்டதைத் தள்ளிவிட்டுக் காணிக்குப் புள்ளடி போட்டேன்.

அரை மணித்தியாலச் சோதினையைப் பன்னிரண்டு நிமிசத்தில் முடித்துவிட்டு, எல்லாரும் பார்க்கக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

சில கிழமையில் ஜெசிக்குச் சத்தியப்பிரமாணத்துக்கு ஆயத்தமாக இருக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. எனக்கு வந்ததில் வேறு விதமாக இருந்தது. குடியுரிமை நீதிபதி என்னை நேரில் சந்திக்க விரும்புகிறார், இன்ன தேதிக்கு வரவும் என்று.

“பெயில் போலக் கிடக்கு” என்றாள் ஜெசி.

நான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தேன். “எழுத்தில திறமாச் செய்தவனைத்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுவாங்கள். ஊரில பல்கலைக்கழகத்துக்கு, வங்கி வேலைக்கு, எல்லாத்துக்கும் அப்படித்தானே? உமக்குச் சாதாரண பாஸ். எனக்கு நேர்முகம்.”

“இஞ்சாருங்கோ, ஒருக்கா அந்தச் சின்னப் புத்தகத்தைப் பாத்திட்டுப் போங்கோ. என்ர தங்கச்சிட கல்யாணமப்பா.”

இதை அவள் கெஞ்சித்தான் கேட்டாள். கண்ணும் கலங்கியிருந்தது. நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, நீதிபதியின் முன்னால் பேசுவதற்கு அந்தத் தடிப்புத் தலையணையை இன்னொரு தரம் நூல்நிலையத்தில் இருந்து எடுத்து வந்தேன்.

அலுமாரியில் தொங்கிய நீலச் சூட்டைப் போட்டுக்கொண்டு போனேன். நீதிபதி நரைத்த தலை, கனிந்த முகம், மேசையில் ஒரு சின்னப் பூச்சாடி. அவருக்குப் பின்னால் சுவரில் இங்கிலாந்து மகாராணியின் பெரிய படம். “பதற்றப்படாதீர்கள், சில கேள்விகள் மட்டும்தான்” என்றார். பதற்றமா, எனக்கா? நான் கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து இருந்தேன்.

“கனடாவின் அரசுத் தலைவர் யார்?”

மகாராணி என்ற விடை அவர் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது. பார்த்த உடன் தெரிகிற விடை. நான் விழுவேனா?

“அம்மணி, அது சிக்கலான கேள்வி” என்று தொடங்கினேன். ஒரு நாட்டுக்கு ராசா தேவையா என்பதில் இந்தக் கண்டத்தில் கருத்து வேறுபாடு உண்டு என்றேன். பதின்மூன்று குடியேற்றங்களை வரிசையாகச் சொன்னேன். ராசா செய்த அநியாயங்களை விரல் விட்டு எண்ணினேன். படை அனுப்பியது, வரி போட்டது, சபைகளைக் கலைத்தது. நீதிபதி இரண்டு தரம் தலையைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். எனக்கு உதவி செய்யத்தான் பார்த்தார் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு, என் பேச்சில் படமே அசைந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “சரி. குடிமக்களுக்கு உள்ள ஒரு உரிமையைச் சொல்லுங்கள்.”

“அநியாயமான அரசாங்கத்தைத் தூக்கி எறிகிற உரிமை.”

அப்போதுதான் என் வாயில் இருந்து வந்தது என் காதுக்குள் போனது. ஒரு இலங்கைத் தமிழன், கனடா அரசாங்கத்தின் கட்டடத்துக்குள், கோட்டுச் சூட்டுப் போட்டுக்கொண்டு, மகாராணியின் படத்துக்குக் கீழே இருந்து, அரசாங்கத்தைத் தூக்கி எறிவது பற்றி ஒரு நீதிபதிக்கு வகுப்பு எடுக்கிறான். முதுகில் ஒரு துளி வேர்வை தொடங்கி இடுப்பு வரை இறங்கினதை எண்ணக்கூடியதாக இருந்தது.

“வோட்டு” என்றேன். “வோட்டுப் போடுகிற உரிமையும் உண்டு. வேண்டுமென்றால்.”

“நீங்கள் சத்தியப்பிரமாணம் எடுக்கும்போது இவருக்குத்தான் விசுவாசமாக இருப்பதாகச் சொல்ல வேண்டும், தெரியும்தானே?” என்று அவர் விரலைப் பின்னால் காட்டினார்.

தெரியாது. அது சின்னப் புத்தகத்தில் இருந்திருக்கிறது.

இன்னும் சில கேள்வி கேட்டார். மாகாணங்கள் எத்தனை என்றதற்குப் பத்துக்குப் பதிலாகப் பதின்மூன்று என்றேன். அதற்குப் பிறகு அவர் எழுதத் தொடங்கி நீண்ட நேரம் எழுதினார். வாசல் வரை வந்து கைகொடுத்து, “உங்களுக்கு வரலாற்றில் மிகுந்த ஈடுபாடு இருக்கிறது” என்றார். பாவம், வேறு என்னதான் சொல்வார்?

கடிதம் ஜூனில் வந்தது. எனக்குக் குடியுரிமை இல்லை, திரும்பவும் தொடக்கத்தில் இருந்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு வருசத்துக்கு மேலே போகும். ஜெசியின் காரியத்தைத் தனியாகக் கொண்டுபோகலாம், விருப்பமா என்று வேறொரு தாளில் கேட்டிருந்தார்கள்.

நான் குசினி மேசையில் இருந்தேன். ஜெசி இரண்டு கடிதத்தையும் படித்தாள். “என்ன செய்வம்?” என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், நீங்கள் இல்லாமல் நான் போகமாட்டேன் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். ஒரு கணவன் எதிர்பார்க்கிறதுதானே.

“நான் போறன்” என்றாள். “பேனையை எடுங்கோ.”

கையெழுத்து வைத்த பிறகுதான் அழுதாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “பிள்ளையை ஆர் இப்ப கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது?” என்று மட்டும் கேட்டாள். வினித்தாவுக்கு நானே ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். “பரவாயில்லை அத்தான்” என்றாள் உடனே. வெட்கம் என்பதை நான் அதுவரை வரலாற்றுப் பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் கண்டிருந்தேன், அதுவும் மற்றவர்களுடையது.

ஜூலையில் சத்தியப்பிரமாணம். ஜெசி, சவிரி அண்ணை, பத்மா அக்கா மூவரும் முன்னால் வலது கையை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். நான் பார்வையாளர் வரிசையில், மகளுக்குப் பக்கத்தில். முடிந்த பிறகு ஒரு மேசையில் கேக்கும் பழச்சாறும் வைத்திருந்தார்கள். சவிரி அண்ணை கையில் சின்னக் கொடியோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

“மாஸ்ரர், இருபதுக்கு இருபது. எல்லாம் உங்கட வீட்டாலதான்.”

என் காயத்துக்கு அது மருந்தாக இருந்தது. நான் பெயிலானாலும் என் படிப்பிப்புப் பாஸ். “வேரில இருந்து படிச்சால் அப்படித்தான் அண்ணை” என்றேன். “எதில இருந்து கூடக் கேட்டவங்கள்? வேர்ஜீனியாவோ, மசச்சூசெட்சோ?”

சவிரி அண்ணைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவர் பத்மா அக்காவைப் பார்த்தார், பத்மா அக்கா ஜெசியைப் பார்த்தார், ஜெசி கேக்கைப் பார்த்தாள்.

“கோவிக்காதேங்கோ மாஸ்ரர்” என்றார் சவிரி அண்ணை. “நாங்கள் பாசானது தேத்தண்ணி நேரத்தில.”

பிறகு எல்லாம் வெளியே வந்தது. குசினியில் கதவைச் சாத்திவிட்டு ஜெசி அந்தச் சின்னப் புத்தகத்தை ஒவ்வொரு கிழமையும் இரண்டு பக்கமாகப் படிப்பித்திருக்கிறாள். பிரெஞ்சுப் பதிப்பையும் கார்டெரியில் இருந்து கொண்டுவந்து, விளங்காத இடங்களை அதில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் ஒரே குரலில் சொன்னது மாகாணங்களின் பேர்கள். எட்டுப் பேருக்கும் தெரியும். மகளுக்கும் தெரியும், கேள்வி கேட்டு விடை பார்த்தது அவள்தானாம்.

“ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?”

“என்னெண்டு மாஸ்ரர் சொல்லுறது?” என்றார் பத்மா அக்கா. உண்மையாகவே வருத்தப்பட்டார். “நீங்கள் பலகையெல்லாம் வாங்கி, கப்பலெல்லாம் கீறி, அவ்வளவு கரைச்சல்பட்டு. படிப்பிக்கிறவரிட்ட உது பிழை எண்டு என்ன வாயால சொல்லுறது?”

“நான் மூண்டு தரம் சொன்னனான்” என்றாள் ஜெசி. அது சரி. அவள் என் மாணவி இல்லை, மனைவி. மனைவி சொல்வதைக் கேட்டால் மாஸ்ரர் என்ற பேர் என்னாவது என்று அப்போது நான் நினைத்திருந்தேன்.

செப்டெம்பரில் ஜெசியையும் மகளையும் விமான நிலையத்தில் ஏற்றிவிட்டு வந்தேன். இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வரும்போது வீடியோ கொண்டுவந்தாள். கோயில் கதவு திறக்கிறது. வினித்தா வெள்ளை உடுப்பில் நிற்கிறாள். பக்கத்தில் ஜெசி, அரக்குச் சேலையில், தங்கச்சியின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறாள். தகப்பன் நடக்க வேண்டிய இடத்தில், அந்தத் தகப்பனுக்குப் பதிலாக நான் நடக்க வேண்டிய இடத்தில். அவள் ஒருக்காலும் குனியவில்லை, நேரே பீடத்தைப் பார்த்து நடந்தாள். பார்க்கப் பார்க்க, அது அவளுக்குரிய இடம்தான் என்று எனக்குப் பட்டது. குளிப்பாட்டித் தலை பின்னி வளர்த்தவள் அவள்தானே. நான் அந்தச் சோதினையில் பாசாகியிருந்தால் முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பாள். இதைச் சொல்லி நான் தப்பப் பார்க்கிறேன் என்று ஜெசி சொல்கிறாள். அதுவும் சரி.

கல்யாண வீட்டுச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளை வீட்டுக்காரர் உங்கள் மனுசன் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஜெசி ஒன்றும் மறைக்கவில்லை. கப்பலில் தொடங்கி நீதிபதி வரை மேசை மேசையாகச் சொல்லியிருக்கிறாள். மண்டபம் சிரித்த சத்தம் வீடியோவிலேயே இருக்கிறது. அன்று தொடக்கம் லண்டன்காரருக்கு நான் அமெரிக்க அத்தான். டிசம்பரில் அவர்களுடைய நத்தார் வாழ்த்து மட்டை இன்றைக்கும் அந்தப் பேருக்குத்தான் வருகிறது.

அடுத்த முறை அந்த மெல்லிய புத்தகத்தைப் படித்து, ஒட்டாவாவுக்கே புள்ளடி போட்டு, நானும் பாசாகினேன். ஜெசிதான் தேத்தண்ணி ஊற்றிப் படிப்பித்தாள்.

அதற்கும் இரண்டு வருசத்துக்குப் பிறகு வினித்தாவும் புருசனும் மொன்றியலுக்கு வந்தார்கள். விமான நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவில் எங்களைக் கண்டதும் வினித்தா பையைப் புருசனிடம் கொடுத்துவிட்டு நேரே வந்தாள். அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

“இப்ப நடவுங்கோ அத்தான்.”

நான் அவசரமாக ஓர் அடி வைத்தேன். “மெல்ல, கலியாண நடை நடக்கவேணும்” என்றாள். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சூட்கேசுகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில், ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தேன். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். எனக்குக் கண் மங்கிவிட்டது, துடைக்க ஒரு கையும் சும்மா இல்லை. அப்படியே கதவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, கார் நிறுத்துகிற கட்டடத்துக்குள் வந்த பிறகுதான் காரை எந்தத் தட்டில் விட்டேன் என்று எனக்கு நினைவில்லை என்பது தெரிந்தது. முதலாம் தட்டு முழுக்க நடந்தோம். இரண்டாம் தட்டும் நடந்தோம். வினித்தா கையை விடவில்லை. பின்னால் சூட்கேசை இழுத்துக்கொண்டு வந்த ஜெசி, மூன்றாம் தட்டில் வைத்துச் சொன்னாள்:

“உவரைப் பிடிச்சுக்கொண்டு நட, பிள்ளை, நட. விடிய அமெரிக்காவில நிப்பாய்.”

இப்போது நான் எந்தத் தெருவில் பிழையாகத் திரும்பினாலும் பின் சீற்றில் இருந்து என் மகள் இதைத்தான் சொல்கிறாள், தமிழில்.